கிண்டி மான்கள்

நம் வீட்டு வாசலுக்குத் தினந்தோறும் மான் வருகிறது என்று சொன்னால் வெளியூர்ச் சிநேகிதர்கள் முதலில் சிரிப்பார்கள். பிறகு, "ஜாகை வண்டலூரில் மிருகக் காட்சிச் சாலைக்குப் பக்கத்திலோ?" என்று கேட்பார்கள். அப்படி ஒன்றும் இல்லை. நாம் வசிப்பது சாக்ஷாத் சென்னைப் பட்டணத்திலே, கிண்டியிலே. சாயங்கால வேளையில் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் ஒரு பக்கம் மோட்டார் வண்டிகளின் இரைச்சல் கேட்கும். தலைக்கு மேலே மீனம்பாக்கத்தில் இறங்கப் போகும் ஆகாய விமானம் பறக்கும். எதிரே வேலி ஓரத்தில் புள்ளிமான் கூட்டம் ஒன்று படுத்து அசை போட்டுக் கொண்டிருக்கும். விமானத்தை அவை நிமிர்ந்து பார்ப்பதுகூட இல்லை.

இந்த விந்தை எப்படி ஏற்பட்டது என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கிண்டியில் கவர்னர் மாளிகையைச் சுற்றி ஒரு காடு இருந்தது. வெள்ளைக்காரக் கவர்னர்கள் கோட்டையின் சந்தடியிலிருந்து தப்பி அங்கே வந்து தங்குவது வழக்கம். 1910-ஆம் வருஷத்தில் அதைக் காப்புக் காடாக்கினார்கள். தேசம் சுதந்திரம் அடைந்த பிறகு அந்தக் காட்டுக்குப் புதிய சோதனை வந்தது. தேசத்துக்குக் கல்வி ஸ்தாபனங்கள் வேண்டும், ஆஸ்பத்திரி வேண்டும், தலைவர்களுக்கு நினைவாலயங்கள் வேண்டும். எல்லாவற்றுக்கும் இடம் கிண்டிக் காட்டிலேதான் அகப்பட்டது. 1959-ல் ஆரம்பமான ஐ.ஐ.டி. என்னும் தொழில் நுட்பக் கழகத்துக்கு மட்டும் சுமார் 250 ஹெக்டேர் நிலம் போயிற்று. காந்தி மண்டபமும், ராஜாஜி, காமராஜர் நினைவாலயங்களும் அந்த வட்டாரத்திலேதான் எழுந்தன. இவற்றில் எதை வேண்டாம் என்று சொல்வது? மிஞ்சியிருந்த காட்டை 1978-ல் தேசியப் பூங்காவாகப் பிரகடனம் செய்தார்கள். அதன் விஸ்தீரணம் 2.7 சதுர கிலோமீட்டர். வேகமாக நடக்கக் கூடியவர் அரை மணி நேரத்தில் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போய்விடலாம்.

இந்தப் பாகப் பிரிவினைப் பத்திரத்தில் மான்களிடம் யாரும் கையெழுத்து வாங்கவில்லை. ஆகவே அவை பூங்காவிலும் இருக்கின்றன, சுற்றியுள்ள வளாகங்களிலும் இருக்கின்றன. அந்த வளாகங்களில் ஒன்றில் நமது சகதர்மிணிக்கு உத்தியோகம். அதை முன்னிட்டு நமக்கும் ஒரு குடியிருப்பு. நாம் காலையில் சைக்கிளில் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போது வழியை அடைத்துக்கொண்டு நாலைந்து மான்கள் நிற்கும். மணி அடித்தால் நகருவதில்லை. இறங்கித் தள்ளிக்கொண்டு போனால் மரியாதையாக ஒதுங்கிக் கொள்ளும்.

மானோடு குடித்தனம் செய்வதில் சில நியமங்கள் உண்டு. தோட்டம் போடும் ஆசையை விட்டுவிட வேண்டும். செம்பருத்தி, கீரை, ரோஜா எதுவும் மிஞ்சாது. அரளியை மட்டும் தொடாது. விஷம் என்று அதற்குத் தெரியும். துணி உலர்த்தும் கொடியை நல்ல உயரத்தில் கட்ட வேண்டும். இல்லாவிட்டால் கலைமான் கொம்பில் வேஷ்டி மாட்டிக்கொண்டு ஊர்வலம் போய்விடும். கொம்பு முற்றிய காலத்தில் ஆண் மான் போடும் சத்தத்தைப் பற்றியும் விருந்தாளிகளுக்கு முன்கூட்டியே சொல்லி வைப்பது நலம். மான் என்றால் மருண்ட விழியும் மெல்லிய நடையுமே நினைவுக்கு வருகிறவர்கள், விடியற்காலை நாலு மணிக்கு ஜன்னலுக்கு அருகில் அந்தக் கர்ஜனையைக் கேட்டால் படுக்கையில் எழுந்து உட்கார்ந்து விடுவார்கள்.

கொம்பு என்றதும் நமது தொழில் புத்தி குறுக்கிடுகிறது. மன்னிக்க வேண்டும். கிண்டியில் இரண்டு சாதி மான்கள் இருக்கின்றன. ஒன்று புள்ளிமான், மற்றொன்று வெளிமான். இரண்டின் தலையில் இருப்பதற்கும் தமிழில் கொம்பு என்ற ஒரே பெயர்தான். ஆனால் இரண்டும் வெவ்வேறு பொருள். புள்ளிமானின் கொம்பு முழுவதும் எலும்பு. வருஷத்துக்கு ஒரு முறை அடியோடு உதிர்ந்து மறுபடியும் முளைக்கும். முளைக்கும்போது அதன் மேல் பட்டுப் போன்ற மெல்லிய ரோமத் தோல் மூடியிருக்கும். அந்தத் தோலில் ஓடும் ரத்தந்தான் எலும்பை வளர்க்கிறது. வளர்ச்சி முடிந்ததும் ரத்தம் நின்று, தோல் காய்ந்து, கந்தலாய்த் தொங்கும். மான் அதை மரத்தில் உராய்ந்து களையும். நம் வீட்டு வாசலில் உள்ள புங்க மரத்தின் பட்டை போனது இப்படித்தான். வெளிமானின் கொம்போ உள்ளே எலும்பும் வெளியே நகம் போன்ற உறையுமாக அமைந்தது. திருகு திருகாக வளரும். ஆயுள் முழுவதும் உதிராது. நம் முன்னோர் இவற்றை நன்றாகக் கவனித்திருக்கிறார்கள். கலை, பிணை, இரலை, நவ்வி, உழை, புல்வாய் என்று மானுக்கு எத்தனை பெயர்கள்! தொல்காப்பியத்து மரபியலிலே மான் குட்டிக்கு மறி என்ற பெயர்கூட வரையறுத்துச் சொல்லப்பட்டிருக்கிறது. எட்டாவது வகுப்புப் பையன்களிடம் இதைச் சொன்னபோது, "அப்படியானால் ஸார், உதிர்ந்த கொம்பை எடுத்து வீட்டில் வைத்துக் கொள்ளலாமா?" என்று கேட்டான் ஒரு சமர்த்தன். கூடாது. 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். தவிரவும், கீழே கிடக்கும் கொம்பை மற்ற மான்கள் சுண்ணாம்புச் சத்துக்காகக் கடித்துத் தின்பதும் உண்டு.

இனி போட்டோ விஷயத்துக்கு வருவோம். நம்மிடம் இருப்பது நடுத்தரமான டிஜிட்டல் கேமரா ஒன்று. அதற்கு 300 மில்லிமீட்டர் லென்ஸ். மானைப் படம் பிடிக்க இதற்கு மேல் சாமக்கிரியை அவசியமில்லை. வேண்டியதெல்லாம் உட்காரக் கற்றுக்கொள்வதுதான். நின்றுகொண்டு எடுத்தால் மானின் முதுகுதான் படத்தில் விழும். தரையில் உட்கார்ந்தால் அதன் கண்ணும் நம் கண்ணும் ஒரே மட்டத்துக்கு வரும். சூரியன் உதித்த ஒரு மணி நேரமும், அஸ்தமிப்பதற்கு முந்திய ஒரு மணி நேரமும் நல்ல வெளிச்சம். மத்தியான்ன வெயிலில் புள்ளிமானை எடுத்தால் இலைகளின் ஊடே விழும் ஒளிப் பொட்டுகளோடு மானின் புள்ளிகளும் கலந்து, எது மான் எது நிழல் என்று தெரியாமல் போய்விடும். மானுக்கு அந்தச் சட்டை அமைந்ததே அதற்காகத்தானே!

மானின் காதைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இரண்டு காதும் இரண்டு திசையில் ஆடிக் கொண்டிருந்தால் அது நிம்மதியாக இருக்கிறது. இரண்டும் நம் பக்கம் திரும்பி அசையாமல் நின்றால் அதற்குச் சந்தேகம் வந்துவிட்டது. முன்னங்காலால் தரையைத் தட்டி, வாலைத் தூக்கிக் கீழ்ப்புறத்து வெள்ளையைக் காட்டினால் நாம் அங்கிருந்து போக வேண்டும் என்று அர்த்தம். நாய் குரைப்பது போன்ற கூச்சல் ஒன்று வந்துவிட்டால் அன்றைய படப்பிடிப்பு முடிந்தது. ராத்திரியில் பளீரென்று விளக்கு வெட்டி எடுப்பதை நாம் அறவே ஒழித்திருக்கிறோம். புதரில் தனியே படுத்திருக்கும் குட்டியை நெருங்குவதும் இல்லை. தாய் அதை அங்கே மறைத்துவிட்டு மேயப் போயிருக்கும். அநாதை என்று பரிதாபப்பட்டு எடுத்துக்கொண்டு வருகிறவர்கள்தான் அதை நிஜமாகவே அநாதை ஆக்குகிறார்கள்.

இந்தக் கலையில் நமக்கு மானசீக குரு ஒருவர் உண்டு. அவர்தான் காலஞ்சென்ற மா. கிருஷ்ணன். தமிழ் நாவலாசிரியர் அ. மாதவையாவின் புதல்வர். 1912-ல் பிறந்து 1996-ல் காலமானவர். காட்டு மிருகங்களைக் கறுப்பு வெள்ளையிலேயே படம் பிடித்தார். பல பாகங்களைத் தாமே ஒட்டுப் போட்டு அமைத்த கனமான கேமரா ஒன்றைத் தூக்கிக்கொண்டு காடுகளில் அலைந்தார். 1950 முதல் ஆயுளின் கடைசி வரையில் கல்கத்தா 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில் இயற்கையைப் பற்றி இடைவிடாமல் எழுதி வந்தார். அப்பேர்ப்பட்டவர் வாழ்ந்ததும் இதே சென்னையில்தான். நம் பிள்ளைகளுடைய பாட புத்தகத்தில் அவருக்கு ஒரு முழு அத்தியாயம் ஒதுக்கினாலும் தகும் என்பது நம் அபிப்பிராயம்.

புள்ளிமான் படங்கள் நம்மிடம் ஏராளமாகச் சேர்ந்துவிட்டன. பின்னங்காலில் நிமிர்ந்து நின்று ஆலந்தழையை எட்டுகிற மான், குரங்குகள் உதிர்த்துப் போடும் இலைக்காக மரத்தடியில் காத்திருக்கிற மான், மழையில் நனைந்து சிலிர்க்கிற மான். எடுப்பது சுலபமாக இருப்பதற்குக் காரணம் நமது சாமர்த்தியம் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். உண்மையில் அவை மனிதர்களிடம் பயத்தை இழந்துவிட்டன. பயம் போனது படக்காரனுக்கு லாபம். மானுக்கு அவ்வளவு லாபமில்லை.

நமக்கு இரண்டு வீடு தள்ளி ஒரு மாமி இருக்கிறார். நல்ல மனசு. தினமும் மாலையில் மிஞ்சிய சாதத்தையும் ரொட்டித் துண்டுகளையும் கிண்ணத்தில் போட்டு வாசலில் வைப்பார். பத்துப் பன்னிரண்டு மான்கள் கூடிவிடும். ஒரு நாள் மெதுவாக ஆட்சேபித்தோம்.

"மாமி, மானுக்குச் சாதம் ஆகாது."

"பசிக்கிற ஜீவன் ஸார். ஒரு பிடி போட்டால் என்ன குறைந்து போயிற்று?"

"அது அசை போடுகிற பிராணி, மாமி. புல்லையும் தழையையும் புளிக்க வைத்து ஜீரணம் செய்யக் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் அதன் வயிற்றில் இருக்கின்றன. திடீரென்று நிறையச் சோறு போனால் அங்கே அமிலம் ஊறி அவ்வளவும் செத்துப் போகும். பிறகு மானுக்கும் ஆபத்துதான்."

மாமி யோசித்தார். நாம் விடாமல் ஜடபரதருடைய கதையையும் எடுத்துவிட்டோம். ராஜ்யத்தைத் துறந்து தவம் செய்யப் போன பரத மகாராஜா ஒரு மான்குட்டியின் மேல் வைத்த பாசத்தால் மறு ஜன்மத்தில் மானாகவே பிறந்தார் அல்லவா?

"பிறந்தால் பிறந்துவிட்டுப் போகிறேன், ஸார்! கிண்டியில்தானே பிறக்கப் போகிறேன்? வாடகை இல்லை, கரண்ட் பில் இல்லை" என்றார் மாமி.

ஆனாலும் மறுநாளிலிருந்து கிண்ணத்தில் சாதத்துக்குப் பதில் தண்ணீர் இருந்தது. கோடையில் அது மெய்யான தர்மம்.

சாதத்தைவிடப் பொல்லாதது ஒன்று உண்டு. மிச்சம் மீதியைப் பிளாஸ்டிக் பையில் முடிந்து குப்பையோரம் எறிகிறார்களே, அதுதான். பையில் ஒட்டிய உப்பும் உணவு வாசனையும் மானை இழுக்கின்றன. பையைப் பிரிக்க அதற்குக் கையில்லை, பையோடு விழுங்குகிறது. முதல் இரைப்பையில் போய்த் தங்கிய பை ஜீரணமும் ஆகாது, வெளியேயும் போகாது. நாளடைவில் பல பைகள் சேர்ந்து பந்தாகிவிடும். வயிறு நிரம்பியிருக்கிறது என்ற எண்ணத்தில் மான் மேய்வதை நிறுத்தி, பட்டினியால் மெலியும். ஒரு முறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்கைத் தமிழ்நாடு சர்க்கார் 2019 ஜனவரி முதல் தேதியிலிருந்து தடை செய்திருக்கிறார்கள். தடை காகிதத்தில் இருக்கிறது. பை வேலியோரத்தில் இருக்கிறது. விலா எலும்பு தெரிய நிற்கும் பிணை ஒன்றை, வாயோரத்தில் நீலப் பை தொங்கும் நிலையில், நாம் படம் எடுத்திருக்கிறோம். அதைப் பெரிதாக அச்சிட்டுக் குடியிருப்பின் அறிவிப்புப் பலகையில் ஒட்டினோம். "குழந்தைகள் பார்த்துப் பயப்படுகிறார்கள், எடுத்துவிடுங்கள்" என்று இரண்டு பேர் சொன்னார்கள். குழந்தைகள் யாரும் அப்படிச் சொல்லவில்லை. அவர்கள் மறுநாளே ஆளுக்கொரு கோணியோடு வேலியோரத்தைச் சுத்தம் செய்யக் கிளம்பினார்கள்.

இவ்வளவும் புள்ளிமானைப் பற்றி. வெளிமானைப் பற்றிச் சொல்ல வேண்டியதுதான் நமக்கு முக்கியம்.

வெளிமான் என்ற பெயரிலேயே அதன் ஜாதகம் அடங்கியிருக்கிறது. வெளியில் வாழும் மான் அது. திறந்த புல்வெளியே அதன் வீடு. புள்ளிமான் புல், தழை, பூ, பழம் எதையும் தின்னும்; மர நிழலிலும் இருக்கும், மனிதன் வாசலிலும் இருக்கும். வெளிமானுக்கு முக்கிய ஆகாரம் புல். ஆபத்து வந்தால் ஒளிந்துகொள்ளத் தெரியாது. தூரத்திலேயே கண்டுகொண்டு ஓடத்தான் தெரியும். அந்த ஓட்டம் மணிக்கு எண்பது கிலோமீட்டர் வரையில் போகும். ஆகையால் கண்ணுக்கெட்டிய தூரம் வெட்டவெளியாக இருந்தால்தான் அதற்கு நிம்மதி. புதர் மண்டினால் குருடனைப் போல் ஆகிவிடுகிறது. சட்டத்தில் இதற்குப் புலியோடு சமமாக முதல் அட்டவணையில் இடம் கொடுத்திருக்கிறார்கள். தரையில்தான் இடம் குறுகிக்கொண்டே வருகிறது. தேசியப் பூங்காவில் போலோ மைதானம் என்று வழங்கும் புல்வெளிதான் கிண்டி வெளிமான்களுக்குப் பிரதான ஆதாரம். அங்கும் முட்செடிகளை அவ்வப்போது வெட்டிக் கொண்டே இருக்க வேண்டும். விட்டால் காடு புல்லை விழுங்கிவிடும்.

வெளிமானைப் படம் எடுப்பது லேசான காரியமல்ல. வளர்ந்த ஆணின் முதுகு அநேகமாகக் கறுப்பு. வயிறும் கண்ணைச் சுற்றிய வளையமும் பால் வெள்ளை. கறுப்புக்குச் சரியாக வெளிச்சம் வைத்தால் வெள்ளை வெந்துபோகும். வெள்ளைக்கு வைத்தால் கறுப்பு வெறும் கரியாகும். அதோடு அது நம்மைக் காணும் தூரம், நமது லென்ஸ் எட்டும் தூரத்தைவிட அதிகம்.

நமது குடியிருப்பின் கீழ்க்கோடியில் விளையாடுவாரில்லாத பழைய மைதானம் ஒன்று இருக்கிறது. மழைக்குப் பின் அங்கே குட்டைப் புல் முளைக்கும். சில நாட்களில் விடியற்காலை இரண்டொரு வெளிமான்கள் அங்கே வந்து மேயும். இரண்டு வருஷ காலம் வாரத்தில் ஒரு நாளாவது அந்த மைதானத்தின் ஓரத்தில் உட்கார்ந்து படம் எடுத்து வந்தோம்.

இப்படியிருக்கையில், சுதந்திர தினத்தன்று அந்த மைதானம் முழுவதும் மரக்கன்றுகள் நடுவது என்று குடியிருப்புச் சங்கத்தார் தீர்மானித்தார்கள். 'வீணாகக் கிடக்கும் நிலம்' என்று சுற்றறிக்கையில் கண்டிருந்தது. நோக்கம் உயர்ந்ததுதான். 1950-ல் ஸ்ரீ கே. எம். முன்ஷி வனமகோத்ஸவத்தைத் தொடங்கி வைத்த நாள் முதல், மரம் நடுவது தேசத் தொண்டு என்று பள்ளிக்கூடந்தோறும் சொல்லிக் கொடுத்து வருகிறோம். நாமே எத்தனையோ பையன்களைக் கொண்டு நட்டிருக்கிறோம். மேலும், 2016 டிசம்பர் 12-ந் தேதி அடித்த வர்தா புயலில் விழுந்த மரங்களை நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு வலிக்கிறது. அப்படியிருக்க, ஒரு வாத்தியார் எழுந்து மரம் நட வேண்டாம் என்று எப்படிச் சொல்வது?

சொல்லத்தான் வேண்டியிருந்தது. கூட்டத்துக்குப் படங்களை எடுத்துக்கொண்டு போனோம். ஒவ்வொன்றின் மேலும் தேதியும் மணியும் கேமராவே பதித்திருந்தது. வெளிமான் இருந்த படங்களை ஒரு வரிசையாகப் பரப்பினோம். எல்லாம் அந்த மைதானத்தில் எடுத்தவை. மரத்தடியில் நிற்கும் வெளிமான் ஒரு படத்தில்கூட இல்லை. மரத்தடிப் படங்களில் எல்லாம் புள்ளிமான்தான்.

"புள்ளிமான்தான் வேண்டிய மட்டும் இருக்கிறதே, ஸார். எல்லாம் மான்தானே?" என்றார் ஓர் அங்கத்தினர்.

"வேண்டிய மட்டும் இருப்பதை நாம் காப்பாற்ற வேண்டிய அவசியமில்லையே!" என்றோம்.

வாக்குவாதம் ஒன்றரை மணி நேரம் நடந்தது. மைதானம் பாம்புக்கு இடம் என்றார் ஒருவர். நிழல் இல்லாவிட்டால் வயதானவர்கள் எங்கே உலாவுவது என்றார் மற்றொருவர். அது நியாயமான கேள்வி. கடைசியில் கைகொடுத்தவர் நம் மாமிதான். "கன்றுகளை ரோடு ஓரத்தில் வையுங்களேன், நடக்கிறவர்களுக்கும் நிழலாச்சு. மைதானம் அந்தக் கறுப்பு மானுக்கு இருக்கட்டும்" என்றார். பாதி வெற்றிதான் கிடைத்தது. கன்றுகளில் பெரும் பங்கு சாலை ஓரத்துக்குப் போயிற்று. மைதானத்தின் வடக்குப் பாகத்தில் மூன்று வரிசை நட்டுவிட்டார்கள். தெற்குப் பாகம் தப்பியது.

அதற்குப் பிறகு வருஷந்தோறும் ஆடி மாதத்தில், மழைக்கு முன்னால், பையன்கள் வந்து தெற்குப் பாகத்தில் முளைத்த சீமைக் கருவேலங் கன்றுகளை வேரோடு பிடுங்குகிறார்கள். முள் குத்தாத கை கிடையாது. ஐப்பசி மழைக்குப் பிறகு புல் நன்றாகத் தழைக்கிறது. வடக்கே நட்ட கன்றுகளில் பாதியைப் புள்ளிமான்கள் தின்றுவிட்டன. அதைப் பற்றிச் சங்கத்தில் இப்போது யாரும் பேசுவதில்லை.

சென்ற தை மாதத்திலிருந்து நல்ல கறுப்பாக வளர்ந்த ஆண் வெளிமான் ஒன்று அந்தத் தெற்கு மைதானத்தைத் தன் எல்லையாக வரித்திருக்கிறது. தினமும் ஒரே இடத்தில் புழுக்கை போட்டுக் குவித்து அடையாளம் வைக்கிறது. பொழுது விடிந்ததும் அதன் அருகில் தலையை நிமிர்த்தி, திருகுக் கொம்புகள் முதுகில் சாய, வேலிப் பக்கம் பார்த்து நிற்கிறது. பிணை எதுவும் இதுவரையில் வரவில்லை. நாமும் வாரத்தில் இரண்டு நாள் காலையில் போய் உட்காருகிறோம். சென்ற வெள்ளிக்கிழமை வேலிக்கு அப்பால் மங்கலாகப் பழுப்பு நிறத்தில் ஏதோ நகர்ந்தது. லென்ஸைத் திருப்புவதற்குள் புதருக்குள் போய்விட்டது.